பழைய கல்லூரியா, புதிய பல்கலைக்கழகமா? வேலூர் வட்டாரத்து உயர்கல்வி நிறுவனங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து கவுன்சிலிங் முடியும் வரை, வேலூர் மாவட்டத்துப் பெற்றோர் பலர் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். நூறாண்டு கண்ட கல்லூரியில் பிள்ளையைச் சேர்ப்பதா, அண்மையில் தோன்றி வேகமாகப் பெயர் பெற்றுவிட்ட பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா என்பதே அந்தக் கேள்வி. குடியாத்தம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் நான். மாணவர்களுக்குத் துணையாக இந்த வளாகங்களுக்குச் சென்றும், அங்கே படித்து முடித்தவர்களிடம் பிறகு விசாரித்தும் என் மனத்தில் உருவான மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். நூற்றைம்பது ரூபாய் சாப்பாட்டுக்கு விமர்சனம் படித்துவிட்டுப் போகும் நாம், ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பைக் கேட்கும் கல்லூரியை மட்டும் உறவினர் சொன்ன ஒற்றை வார்த்தையை நம்பித் தேர்ந்தெடுப்பது எனக்கு எப்போதும் கவலை தந்திருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனத்தின் வயது மாணவனுக்கு நேரடியாக எதையும் தருவதில்லை. அந்த வயதினால் சேர்ந்த செல்வங்களில் எவையெவை அவன் சேரப்போகும் துறையின் வகுப்பறை வரை வந்து சேர்கின்றன என்பதையே பார்க்க வேண்டும். நிரந்தர ஆசிரியர்கள், நாள்தோறும் திறக்கப்படும் ஆய்வகம், வெளியூரில் கேள்வி கேட்காமல் ஏற்கப்படும் பட்டம், அரசு தரும் கட்டணச் சலுகை ஆகிய நான்கும் வந்து சேருமானால் பழைய கல்லூரியை விட்டுவிட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை. வந்து சேராவிட்டால், முகப்பில் பொறித்த தொடக்க ஆண்டுக்காக மட்டும் அங்கே மூன்று ஆண்டுகளைச் செலவிடுவது வீண்.

வேலூரில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடச் சற்றுச் சிக்கலானது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கே பழைமை ஓரிடத்திலும் பட்டம் வழங்கும் அதிகாரம் வேறோர் இடத்திலும் இருக்கின்றன. ஊரீசு கல்லூரி 1898-இல் ஆற்காடு மிஷனால் தொடங்கப்பட்டது. வட ஆற்காடு முழுவதற்கும் உயர்கல்வி என்றால் அதுதான் என்றிருந்த காலம் உண்டு. ஆனால் அங்கே இன்று படித்து முடிப்பவரின் பட்டச் சான்றிதழில் இருப்பது 2002-இல் உருவான திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் முத்திரை. அதற்கு முன் படித்தவர்களின் சான்றிதழில் 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை இருக்கும். 1954-இல் தொடங்கிய காட்பாடி அக்சீலியம் மகளிர் கல்லூரிக்கும், 1965-இல் தொடங்கிய முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரிக்கும், 1951-இல் தொடங்கிய திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரிக்கும், 1919-இல் தொடங்கிய வாணியம்பாடி இசுலாமியா கல்லூரிக்கும் இதே வரலாறுதான். இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். எல்லோரும் புதியது என்று சொல்லும் வி.ஐ.டி., 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரி என்ற பெயரில் 180 மாணவர்களோடு தொடங்கி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரியாக இருந்து, 2001-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. ஆகவே பட்டம் வழங்கும் அமைப்பு என்ற வகையில், ஊரீசுக்கும் அக்சீலியத்துக்கும் பட்டம் தருகிற திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைவிட வி.ஐ.டி. ஓராண்டு மூத்தது.

இதனால் பெற்றோருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதும், அரசு வேலையில் சான்றிதழ் சரிபார்ப்பின்போதும் முதலில் பார்க்கப்படுவது பட்டத்தை அளித்த பல்கலைக்கழகத்தின் பெயரும் அதற்குரிய சட்டத் தகுதியும்தான். கல்லூரியின் பெயர் அதற்கு அடுத்ததுதான். பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் 1956-இன் 22-ஆம் பிரிவின்படி, மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும், அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலை என அறிவிக்கப்பட்ட நிறுவனமும், நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனமும் மட்டுமே பட்டம் தரலாம். மேலே சொன்ன எல்லா நிறுவனங்களின் பட்டங்களும் இந்த வரம்புக்குள் வருகின்றன, ஐயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேறு ஊர்களிலிருந்து வண்ணத்தாள் அனுப்பும் நிறுவனங்கள் எல்லாமும் அப்படி இல்லை. மானியக் குழு போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைப் பார்த்துவிடுவது நல்லது. ஒரே பெயர் தாங்கிய வளாகங்களையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. வி.ஐ.டி.யின் சென்னை வளாகம் வேலூர் நிறுவனத்தின் பகுதி; போபாலிலும் ஆந்திரத்தின் அமராவதியிலும் இருப்பவை அந்தந்த மாநிலச் சட்டத்தின்கீழ் அமைந்த தனித்தனிப் பல்கலைக்கழகங்கள்; அவற்றின் பட்டமும் தனி.

இனி கலை, அறிவியல் படிப்புகளுக்கு வருவோம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் சேர்வது இவற்றில்தான் என்றாலும், ஊரில் இவற்றைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

பழைய கல்லூரிகளின் உண்மையான பலம் எதுவென்றால், அரசு உதவி பெறும் பிரிவு. அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது. அதனால் மாணவர் கட்டும் கட்டணம் மிகக் குறைவு. ஆசிரியரும் நிரந்தரப் பணியில் இருப்பதால் ஆண்டுதோறும் மாறுவதில்லை. ஆனால் அதே வாயிலுக்குள், அதே பெயரில், சுயநிதிப் பிரிவும் நடக்கிறது. பல கல்லூரிகளில் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இது பிரிந்திருக்கும். சுயநிதிப் பிரிவில் ஆசிரியர் சம்பளம் மாணவர் கட்டணத்திலிருந்து போக வேண்டும்; ஆகவே கட்டணம் கூடுதல், சம்பளம் குறைவு, நல்ல ஆசிரியர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடும் வாய்ப்பு அதிகம். இயற்பியல், வேதியியல், கணிதம், வரலாறு, பொருளாதாரம், தமிழ் போன்று முற்காலத்தில் தொடங்கிய பாடங்கள் பெரும்பாலும் உதவி பெறும் பிரிவில் இருக்கும். பி.சி.ஏ., பி.பி.ஏ., கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் போன்று பின்னால் வந்தவை பெரும்பாலும் சுயநிதியில் இருக்கும். நூற்றிருபது ஆண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டோம் என்று மகிழும் மாணவன், உண்மையில் சில ஆண்டுகளே ஆன ஒரு துறையில் சேர்ந்திருக்கக்கூடும். சேர்க்கை மேசையில் முதல் கேள்வியாக "இந்தப் பாடம் எய்டடா, செல்ஃப் ஃபினான்ஸா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம். அது உங்கள் உரிமை.

அரசு கலைக் கல்லூரிகளில் கட்டணம் இதைவிடவும் குறைவு. நிரந்தரப் பேராசிரியர்கள் உள்ள துறைகளில் கற்பித்தல் தரமாகவே இருக்கிறது. ஆனால் மாநிலம் முழுவதும் அரசு கலைக் கல்லூரிகளில் நிரப்பப்படாத இடங்களைக் கௌரவ விரிவுரையாளர்களே தாங்கி வருகிறார்கள். அவர்களில் முனைவர் பட்டமும் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட், செட் தேர்வுத் தகுதியும் பெற்றவர்கள் நிறையப் பேர். திறமையில் குறைந்தவர்கள் அல்லர். குறைந்த ஊதியத்தில், அடுத்த ஆண்டு பணி உண்டா என்று தெரியாத நிலையில் அவர்களை வைத்திருப்பது அரசின் தவறு. அதன் விளைவு மாணவனையும் தொடுகிறது என்பதால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். துறையில் மொத்தம் எத்தனை ஆசிரியர்கள், அவர்களில் எத்தனை பேர் நிரந்தரம் என்பதைக் கேட்டால் யாரும் மறைப்பதில்லை.

வேதியியல்காரன் என்பதால் ஆய்வகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பருமனறி பகுப்பாய்வு (கரைசலின் பருமனை அளந்து செய்யும் சோதனை) நடக்கும்போது ஆளுக்கொரு பியூரெட் என்னும் அளவுக்குழாய் இருக்கிறதா, இல்லை மூவர் சேர்ந்து ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களா என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. மின்னணுத் தராசு உறை போட்டு மூடியிருக்கிறதா, பயன்பாட்டில் இருக்கிறதா என்பதை மேசையின் தூசியே சொல்லிவிடும். புகை வெளியேற்றும் கூண்டின் மின்விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். கரிம வேதியியல் செய்முறை ஒழுங்காக நடக்கும் இடத்தில் அது பழுதாகிக் கிடக்காது. வார நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஆய்வகம் பூட்டியிருந்தால், காரணம் கேளுங்கள். இந்தச் சோதனையில் பழைய கல்லூரிகளின் உதவி பெறும் அறிவியல் துறைகள் பெரும்பாலும் நன்றாகவே தேறுகின்றன. கண்ணாடிக் கலன்களும் கருவிகளும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவை. அவற்றைவிடப் பெரிய செல்வம், எந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் ஆய்வக உதவியாளர். அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பினார்களா என்பதையும் விசாரிக்கலாம்.

ஊரீசில் படித்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பின்னர் சென்னை கிறித்துவக் கல்லூரிக்குச் சென்று, நாட்டின் குடியரசுத் தலைவராகவும் உயர்ந்தார் என்பதை வேலூர்க்காரர் அனைவரும் பெருமையோடு சொல்வோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. சேர்க்கையை முடிவு செய்ய மட்டும், நூற்றாண்டுக்கு முன் படித்தவரைவிடச் சென்ற மூன்று ஆண்டுகளில் அதே துறையில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற தகவலே உதவும். தன்னாட்சி பெற்ற கல்லூரியாக இருந்தால் பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே அமைத்துக்கொள்கிறது. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. இதனால் காலத்துக்கேற்பப் பாடத்தை மாற்றும் வேகம் கூடுகிறது. தேர்வு முடிவும் விரைவில் வருகிறது. அக்சீலியமும் தூய நெஞ்சமும் இந்த வாய்ப்பைப் பெற்றவை. தூய நெஞ்சம் 1987-லேயே தன்னாட்சி பெற்றுவிட்டது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு, வீட்டார் அச்சமின்றி அனுப்பக்கூடிய இடமாகவும், பேருந்தில் போய் வரக்கூடிய தூரத்திலும் அக்சீலியம் இருக்கிறது என்பது சிறிய நன்மை அன்று. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் இந்த ஒரு காரணத்தினாலேயே பட்டதாரியான பெண்கள் பலரை நான் அறிவேன்.

வி.ஐ.டி.யைப் பற்றி ஊரில் இரண்டு மிகையான பேச்சுகள் உண்டு. அங்கே சேர்ந்தால் வேலை உறுதி என்பது ஒன்று; பணம் இருந்தால் யாரும் சேரலாம் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. பொறியியலுக்கு அதன் சொந்த நுழைவுத் தேர்வு உண்டு. அதில் பெறும் தரவரிசையைப் பொறுத்தே பாடப்பிரிவும் கட்டணப் பிரிவும் அமைகின்றன. தரவரிசை கீழே போகப்போகக் கட்டணப் பிரிவு மேலே போகிறது. ஆகவே "வி.ஐ.டி.யில் கட்டணம் எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது, ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமரும் இருவர் வெவ்வேறு தொகை கட்டியிருப்பார்கள். முதல் கட்டணப் பிரிவில் கணினிப் படிப்போ மின்னணுப் படிப்போ கிடைக்கும் மாணவருக்கு நான் தயக்கமின்றி அதைப் பரிந்துரைப்பேன். பாடத்தையும் வகுப்பு நேரத்தையும் ஆசிரியரையும் மாணவரே தேர்ந்துகொள்ளும் முறை அங்கே பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டு இணைவுக் கல்லூரிகளில் அந்த அளவுச் சுதந்திரம் காண்பது அரிது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களின் எண்ணிக்கையும், நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் வந்த மாணவர்களோடு பழகும் வாய்ப்பும் உள்ளூர்ப் பிள்ளைக்கு உலகத்தையே பெரிதாக்கிக் காட்டும்.

அதே அளவு அழுத்தத்தோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டணப் பிரிவில், தனக்கு விருப்பமில்லாத ஒரு பாடத்தில், கடன் வாங்கி அங்கே சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பல்லாயிரம் மாணவர் படிக்கும் வளாகத்தில், தானாக எழுந்து கேட்கும் பழக்கமில்லாத பிள்ளை கவனிக்கப்படாமல் போகலாம். மதிப்பெண் தரவரிசை வகுப்பின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டு வழங்கப்படும் முறையில், தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் ஆண்டு கடினமாகவே இருக்கும். இவற்றைவிட முக்கியமானது சலுகைக் கணக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டின்கீழ், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியலில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் மாநில அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகையும் கலந்தாய்வு இடங்களுக்கே உரியது. வி.ஐ.டி.யின் சேர்க்கை இந்தக் கலந்தாய்வுக்கு வெளியே நடக்கிறது. ஒடுகத்தூரிலோ கே.வி.குப்பத்திலோ அரசுப் பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் இந்தச் சலுகையை விட்டுவிட்டு வெளியே சேர்ந்தால், அந்தக் குடும்பம் நான்காண்டு இலவசக் கல்வியைக் கைவிடுகிறது. பலருக்கு இது பணம் கட்டிய பிறகே தெரியவருகிறது. விதிவிலக்காக ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுப் பள்ளிகளில் முதலிடம் பெறும் மாணவர் ஒருவருக்கும் மாணவி ஒருவருக்கும் கட்டணமும் விடுதியும் இலவசமாக வழங்கும் ஸ்டார்ஸ் திட்டத்தை வி.ஐ.டி. நடத்திவருகிறது. உங்கள் ஊரில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தலைமையாசிரியர் வழியாக உடனே விண்ணப்பிக்கச் செய்யுங்கள்.

சலுகையோடு சேர விரும்பும் உள்ளூர் மாணவருக்கு, பாகாயத்தில் 1990 முதல் இயங்கும் தந்தை பெரியார் அரசுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. பட்டம் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையது. கட்டடங்களில் பளபளப்பு இல்லை; பாடப்பிரிவுகளும் சிலவே. ஆனால் இருநூற்றுக்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃபில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களே பெரும்பாலும் அங்கே வருவதால் வகுப்பின் தரம் நன்றாக இருக்கிறது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும் கட்-ஆஃப் இருந்தால், எந்தப் புதிய நிறுவனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து நேரத்தைச் செலவிட வேண்டாம். பழைமை வகுப்பறை வரை வந்து சேர்ந்திருக்கும் இடம் அது. கட்டணமும் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட மிகக் குறைவு. காட்பாடியிலிருந்து காலை ரயிலேறினால் முற்பகலுக்குள் சென்னை சென்றுவிடலாம் என்பதால் வீட்டை விட்டு வெகுதூரம் போன உணர்வும் இருக்காது.

காட்பாடியை அடுத்த சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழக வளாகத்தை இளநிலை மாணவர்கள் பெரும்பாலும் தேர்வு எழுதும் அமைப்பாகவே அறிவார்கள். முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்கள்தான் அதை ஒரு கற்கும் இடமாகக் கருதிப் பார்க்க வேண்டும். அங்கே எந்தத் துறையில் சேர்கிறோம் என்பதைவிட யாரை வழிகாட்டியாகக் கொண்டு சேர்கிறோம் என்பது முக்கியம்.

மருத்துவத்தில் பழையதும் புதியதும் ஒரே ஊரில் இப்படி அருகருகே அமைந்திருப்பது வேலூருக்கு வாய்த்த பேறு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக விரிந்து, 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு உயர்ந்து, 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. செவிலியர் பயிற்சியை 1909-லேயே தொடங்கி, 1946-இல் பட்டப்படிப்பாக உயர்த்தியதும் அதே சி.எம்.சி.தான். இந்த வரலாற்றை நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. இங்கே பழைமை கல்வெட்டில் தங்கிவிடவில்லை. படிப்பின் உள்ளேயே வாழ்கிறது. நோயாளியின் வீட்டுக்கும் கிராமத்துக்கும் மாணவர்களை அனுப்பும் மரபு இன்றும் தொடர்கிறது, கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 1977 முதல் இயங்கும் ஊரக நல மையத்தைச் சுற்றுவட்டாரத்தார் எல்லோரும் அறிவார்கள். கட்டணம், தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு ஒப்பிட மிகக் குறைவு. மத்திய அரசின் தரவரிசையில் மருத்துவப் பிரிவில் பல ஆண்டுகளாக மூன்றாம் இடத்தில் இருப்பது வியப்பில்லை. ஆனால் எம்.பி.பி.எஸ். இடங்கள் நூறு மட்டுமே. அவற்றில் பெரும் பகுதி, திருச்சபைகளின் பரிந்துரையோடு வந்து, படித்து முடித்ததும் அவற்றின் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற உடன்படுவோருக்கு உரியது. அந்த உடன்பாட்டை ஒரு சுமையாகக் கருதும் குடும்பங்கள் அங்கே விண்ணப்பிக்காமல் இருப்பதே நேர்மை.

அடுக்கம்பாறையில் 2005-இல் தொடங்கிய அரசு வேலூர் மருத்துவக் கல்லூரியைச் சிலர் 'புதுசு' என்று தள்ளிவைக்கிறார்கள். அது தவறான கணிப்பு. மருத்துவ மாணவன் கற்பது நோயாளியிடமிருந்து. வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்தும் ஜவ்வாது மலையடிவாரத்திலிருந்தும் பிரசவம், பாம்புக்கடி, சாலை விபத்து என்று நாள்தோறும் அங்கே வந்து குவியும் கூட்டமே அதன் பெரிய பாடநூல். இரண்டு கல்லூரிகளின் பட்டமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையதே என்பதை நினைவில் வைத்தால், இங்கே 'புதுசு' என்ற அச்சத்துக்கு அடிப்படையே இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கான ஒதுக்கீட்டில் இங்கே இடம் கிடைத்தால் அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை.

தரவரிசைப் பட்டியல்களைப் பெற்றோர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016 முதல் வெளிவரும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைப் பட்டியலில் பல்கலைக்கழகங்களுக்கான நூறு மதிப்பெண்ணில் முப்பது ஆய்வுக்கும், பத்து பிறர் மனத்தில் உள்ள எண்ணத்துக்கும் உரியவை. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை பி.எஸ்சி. முதலாண்டு மாணவனின் வகுப்பறைக்குள் வருவதில்லை. பிறர் எண்ணம் என்பதோ பழைய பெயருக்கும் பெரிய விளம்பரத்துக்கும் ஒருசேரச் சாதகமானது. ஆகவே மொத்த இடத்தைப் பார்க்காமல், கற்பித்தல் வளம், படித்து முடித்தோரின் நிலை ஆகிய இரண்டு தலைப்புகளில் பெற்ற மதிப்பெண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் நாக் அமைப்பின் தரச் சான்றுக்கும் காலவரம்பு உண்டு. நுழைவாயிலில் எழுதியிருக்கும் ஏ-பிளஸ் எந்த ஆண்டு பெற்றது, இன்னும் செல்லுமா என்று கேட்பது பொருத்தமான கேள்வியே.

என் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, வெளி மாவட்டத்தில் அண்மையில் தோன்றிய ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். பெயர் இங்கே வேண்டாம். சேரும்போது மூல மதிப்பெண் பட்டியல், டி.சி. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கலந்தாய்வில் அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, நான்காண்டுக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அவள் தந்தை தோல் தொழிற்சாலைக் கூலியாள்; அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன். மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கை, மூலச் சான்றிதழ்களை நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது என்பதை எடுத்துக்காட்டிக் கடிதம் எழுதிய பிறகுதான் அவை கைக்கு வந்தன. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. சேர்க்கை நாளன்று சான்றொப்பமிட்ட நகல்களை மட்டும் கொடுத்துவிட்டு, மூலங்களைக் காட்டிய கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சட்டப்படி டி.சி.யைக் கொடுக்க வேண்டிய இடத்தில், அதைக் கொடுத்ததற்கான ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

யாருக்கு எது என்று கேட்டால் என் விடை இது. அடிப்படை அறிவியலிலோ மொழியிலோ வரலாற்றிலோ ஆர்வமுள்ள, செலவைக் கணக்குப் பார்க்க வேண்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு, பழைய கல்லூரியின் உதவி பெறும் பிரிவே முதல் தேர்வு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் துணை நிற்கும். கணினி சார்ந்த இளநிலைப் படிப்பென்றால், பழைய கல்லூரியின் பெயரை மட்டும் நம்பாமல் அந்தச் சுயநிதித் துறையின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பொறியியலில் தன்னம்பிக்கையும் நல்ல தரவரிசையும் உள்ளவருக்கு வி.ஐ.டி.; 7.5 விழுக்காட்டுச் சலுகைக்கு உரியவருக்குக் கலந்தாய்வு வழி அரசுக் கல்லூரி அல்லது கிண்டி.

கடைசியாக ஒரு காலக் கணக்கு. தனியார் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வும் சேர்க்கையும் ஏப்ரல், மே மாதங்களிலேயே நடந்து முன்பணம் கேட்கப்படுகிறது. பொறியியல் கலந்தாய்வோ ஜூலைக்குப் பிறகுதான் முடிவுக்கு வருகிறது. இந்த இடைவெளியில்தான் பெற்றோர் அவசரப்பட்டு ஒன்றைக் கட்டிவிட்டு மற்றொன்றை இழக்கிறார்கள். முன்பணம் கட்டினாலும் கலந்தாய்வு விண்ணப்பத்தைக் கைவிடாதீர்கள். மேலே சொன்ன 2018 அறிவிக்கையின்படி, நிறுவனம் முறையாக அறிவித்த சேர்க்கை இறுதி நாளுக்குப் பதினைந்து நாட்களோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறிய நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையும் திரும்ப வேண்டும். இறுதி நாளுக்கு முந்தைய பதினைந்து நாட்களுக்குள் என்றால் 90 விழுக்காடு, அது கடந்து பதினைந்து நாட்கள் வரை 80, முப்பது நாட்கள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமான தேதிகளையும் அறிவிப்பதுண்டு. ஆகவே பணம் கட்டும் முன்பே அந்த ஆண்டின் விதியையும் நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட இறுதி நாளையும் கேட்டு, கட்டண ரசீதின் பின்புறத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.